மீசை எடுத்த டிரைவர்

மீசையை எடுத்துவிட்டு அவர் ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கிய அன்று சந்தை நாள். சாமை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள், புளி விற்க வந்தவர்கள், டீக்கடைக்காரர் என்று எல்லோரும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"எப்ப தவறுச்சு டைவரே? ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?"

"யாரும் சாவலம்மா. எங்கம்மா வூட்ல கூழு குடிச்சிகினு கீது. மாஸ்க்கு சரியா ஒட்டல, அதான் எடுத்தேன்."

அந்த மலையில் அப்பாவோ அம்மாவோ இறந்தால்தான் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். அப்பாவுக்காக அவர் முன்பே ஒருமுறை எடுத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது அம்மா மட்டும்தான். ஆகவே அவருடைய வெறும் உதட்டைப் பார்த்ததுமே சந்தை முழுவதும் சேர்ந்து அந்தம்மாவைச் சாகடித்துவிட்டது. அவர் மறுத்துச் சொல்லச் சொல்ல, துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறார் என்று இன்னும் அதிகமாகப் பாவப்பட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து டீ குடிக்க வந்த நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதா, அவரைக் கூட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருவதா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு யாரையும் பார்த்துச் சட்டென்று வியந்துபோகிற குணம் கிடையாது. ஆபீசில் எனக்குக் குத்தல் வாய் என்று பெயர். போளூரிலிருந்து தினமும் காலையில் அவர் ஓட்டும் பஸ்ஸில் மலையேறி வேலைக்குப் போய் வந்த அந்த ஆண்டுகளில், நான் வாயடைத்துப்போனது அவர் ஒருவரிடம்தான். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊர், தெரு எல்லாம் சேர்த்துப் போடுங்கள் மேடம் என்பார். அப்படிப்பட்டவர் என்பதால்தான் எழுதாமல் விடுகிறேன்.

அவருடைய குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தன்னைத் தானே காட்டிக்கொடுப்பார்.

பஸ் தாமதமாகக் கிளம்பினால் மற்ற டிரைவர்கள் டயர், டீசல், கூட்டம் என்று எதையாவது சொல்வார்கள். இவர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்ததும் திரும்பி, "எந் தப்புதான். இட்லி சூடா கீதேன்னு இன்னும் ரெண்டு வாங்கிட்டேன்" என்பார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். ஒருநாள் ஒரு குக்கிராமத்தைத் தாண்டும்போது சக்கரத்தில் ஒரு கோழி அடிபட்டது. ஒருவரும் பார்க்கவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், "இது ஒங்குளுதா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் கோழிக்குச் சொந்தக்காரி கிடைத்தாள். "நாளைக்கு அடிச்சுக் கொழம்பு வெக்கலாம்னுதான் இருந்தேன், நீயே எடுத்துகினு போ டைவரே" என்றாள் அவள். "ஒன் கோழி, ஒன் கொழம்பு. எங் கையால செத்துச்சுன்னு நீ தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்" என்று அவளிடமே கொடுத்துவிட்டு வந்தார். அன்று ஆபீசில் நான் வாங்கிய திட்டுக்கு அந்தக் கோழிதான் காரணம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆள் நல்ல தாட்டி. தடித்த கழுத்து, ஸ்டியரிங்கில் இடிக்கிற வயிறு, இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி நிற்கும் மீசை. எப்போது பார்த்தாலும் கொட்டாவி. மதியம் பஸ்ஸின் கடைசி ஸீட்டில் படுத்தால் அவர் விடுகிற குறட்டை பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும். வண்டி ஸ்டார்ட்டில் இருக்கிறது என்று நினைத்து ஆட்கள் மூட்டையோடு ஓடி வந்து ஏறுவார்கள், கண்டக்டர் சிரித்துக்கொண்டே இறக்கிவிடுவார். நாங்கள் எல்லோரும் அதை வைத்து அவரைக் கிண்டல் செய்தோம். அது ஒரு நோய் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மலைப்பாதையில் பாதி தூரத்தில் இருந்தது அவருடைய ஊர். அதைத் தாண்டியதும் ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். ஒருநாள் காலை அந்த வளைவில் பஸ் லேசாகக் குலுங்கியது. இடப்பக்கச் சக்கரம் சரளைக்கல்லில் இறங்கி மறுபடி தார் ரோட்டில் ஏறியது. ஏதோ பள்ளம் என்று நினைத்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அவர் வளைவைத் தாண்டி வண்டியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சக்கரத்துக்குக் கல் வைக்கும்படி கண்டக்டரிடம் சொன்னார். பிறகு எழுந்து எங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

"எல்லாரும் எறங்கிடுங்க. நான் கண்ணு அசந்துட்டேன். இதுக்கு மேல இந்த வண்டிய எடுக்க மாட்டேன்."

எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். சந்தைக்கு நேரமாகிறது என்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள். "பள்ளத்துல எறங்கி ஏறுச்சு, அதுக்குப் போயி இன்னா ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் எழுந்தேவிட்டார். என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"ஒரு டீ குடிச்சிட்டு எடுங்கண்ணா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றேன்.

"டீ குடிச்சிட்டுத்தான் மேடம் வந்தேன். மொகம் கழுவிட்டுத்தான் வந்தேன்." அவர் ஸ்டியரிங்கைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு கண்ணு சிமிட்டுற நேரம் நான் இந்த வண்டில இல்ல மேடம். வண்டி மட்டும் போச்சு."

சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினார். நான் எரிச்சலோடு பின்னால் நடந்துபோய்ச் சக்கரம் இறங்கிய இடத்தைப் பார்த்தேன். சரளையில் தடம் விளிம்பு வரைக்கும் போயிருந்தது. அதற்குக் கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. அவர் வாயைத் திறந்திருக்காவிட்டால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. மறுநாளும் நாங்கள் சிரித்துக்கொண்டே அவர் பஸ்ஸில் ஏறியிருப்போம்.

அதற்கப்புறம் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி அவரைத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூங்கும்போது தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சு நின்று நின்று போகிற நோய். மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை பதறி எழுப்பிவிடும். அந்தப் பதற்றம் அவருக்கே தெரியாது. படுத்தார், எழுந்தார் என்றுதான் பேர், பல வருஷமாக அவர் உருப்படியாகத் தூங்கியதே இல்லை. அதற்கு ஒரு மிஷின் கொடுத்தார்கள். சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். இரவெல்லாம் அது காற்றை உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கும். மிஷினோடு தூங்கிப் பழகி, டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி ஸ்டியரிங். பழகாவிட்டால் கடைசி வரைக்கும் கிடையாது. அதுவரை ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்தில் பஸ் வருகிற, போகிற நேரத்தை எழுதும் அறையில் அவரை உட்காரவைத்தார்கள்.

"எழுதற வேல நமக்கு வராது மேடம். கை சும்மாவே இருக்கற மாரி கீது" என்றார். மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தானாக பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

முதலில் பகலில், விழித்திருக்கும்போதே மாஸ்க்கைப் போட்டுப் பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருப்பார்கள். இவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பஸ் நிலையத்து அறையில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு செய்தார். வாசலில் கூட்டம் நின்றது. "பேய்க்காத்து ஊதறாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"வீட்டுல பண்ணக் கூடாதாண்ணா? எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்களே."

"வூட்ல மாட்னா பிச்சிப் போட்டுட்டு, மாட்னேன்னு பொய் சொல்லிடுவேன் மேடம். என்ன எனக்குத் தெரியும். இங்க நாலு பேரு பாக்கறாங்க, ஏமாத்த முடியாது."

முதல் நாள் மிஷினைப் போட்டதும் கண் பிதுங்கிவிட்டது. மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "தண்ணில போட்டு அமுக்கற மாரி கீது" என்றார். பிறகு பட்டையை மாட்டாமல் மாஸ்க்கைக் கையால் முகத்தில் வைத்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்தார். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று கை தன் வசத்தில் இருந்தது தைரியமாக இருந்ததாம். சில நாள் கழித்துப் பட்டையை மாட்டினார். உள்ளே வருகிற காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்ததுதான் தப்பு என்று அவராகவே ஒருநாள் கண்டுபிடித்து, அதை அங்கே நின்ற எல்லோருக்கும் சொன்னார். மாஸ்க்கோடு போளூர் பஸ்ஸுக்குக் குரல் கொடுக்கப் போய், வாயைத் திறந்ததும் காற்று புஸ்ஸென்று அடித்து, 'போ' என்பதற்கு மேல் வரவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் மாஸ்க்குக்குள் சிரித்தார், அதற்கும் காற்று புஸ்ஸென்றது.

பகல் ஒருவழியாகச் சரியானது. இரவு ஒத்துவரவில்லை. காற்றை விழுங்கி விழுங்கி வயிறு ஊதிப்போய்ப் பகலெல்லாம் ஏப்பம். மலைக்குளிருக்குக் குழாயில் தண்ணீர் கோர்த்து முகத்தில் சொட்டியது. அவர் மனைவி பழைய கம்பளியை வெட்டிக் குழாய்க்கு உறை தைத்துப் போட்டாள். கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடும், இவர் அலறிக்கொண்டு எழுவார். தினமும் காலையில் என் பஸ் வந்து நின்றதும், நான் கேட்பதற்கு முன்பே ஜன்னலுக்கு வெளியே நின்று அறிக்கை வாசிப்பார்.

"நேத்தும் பிச்சிப் போட்டுட்டேன் மேடம். தூக்கத்துல எப்ப எடுத்தேன்னே தெரியல. காலைல பாத்தா கட்டிலுக்கு அடில கெடக்குது."

பஸ்ஸில் இருக்கிற மற்றவர்களுக்கும் அதே அறிக்கைதான். அந்த மலையில் அவர் எப்படித் தூங்கினார் என்று தெரியாத ஆள் அப்போது கிடையாது. தோற்றதைத் தினமும் காலையில் இத்தனை பேரிடம் சொல்லிவிட்டு, அன்று மதியம் மறுபடி அதே மாஸ்க்கை எடுத்து மாட்ட அவருக்கு எங்கிருந்து மனம் வந்தது? எனக்கு அது இன்றைக்கும் விளங்கவில்லை.

மாஸ்க் சரியாகப் பொருந்தினால் மிஷினின் திரையில் சிரித்த முகம் ஒன்று வரும். அவருக்கு அது வரவே இல்லை. மீசைக்கும் மாஸ்க்குக்கும் நடுவே காற்று விசிலடித்துக்கொண்டு வெளியே போனது. மூக்குக்கு மட்டும் போடுகிற சின்ன மாஸ்க்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் வாய் திறந்துகொண்டது. மீசையில் எண்ணெய் தடவிப் படியவைத்தார், ஓரத்தைக் கத்தரித்தார், ஒன்றும் நடக்கவில்லை. டாக்டரைப் பார்க்கவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் எழுந்துபோய் மழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தச் சந்தை நாளின் துக்க விசாரணையோடு அது முடியவில்லை. செய்தி மலை முழுக்கப் பரவி, எங்கோ தூரத்து ஊரிலிருந்து அவருடைய அம்மாவின் நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். வாசலில் அந்தம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் மயங்கி விழ, செத்துப்போனவரே ஓடிவந்து தண்ணீர் தெளித்து எழுப்பினாராம். இதைக் கண்டக்டர் நடித்துக் காட்டியபோது பஸ்ஸே குலுங்கியது. அந்தம்மாவுக்கு அது சிரிப்பாக இல்லை. அன்றிலிருந்து மகனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போட்டு வைப்பார், கூப்பிட மாட்டார். அடுத்த சந்தையில் எல்லோர் முன்னாலும், மகனைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஒசுரோட கீறப்பவே எடுத்துட்டான். நெசமா நான் போய்ட்டா எனக்குன்னு எதை எடுப்பான் இவன்?"

அறை வாசலில் நின்றிருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பிறகு தனியாகக் கேட்டேன், மறுபடி வளர்த்துவிடக் கூடாதா என்று.

"எங்கம்மா கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல மேடம்" என்றார். "ஆனா வண்டில ஏர்ற பசங்களுக்கும் அம்மா ஒசுரோடதான கீறாங்க."

மனதுக்குள் அந்த மனிதரைக் கும்பிட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் பஸ் நின்றதும் ஜன்னலுக்கு ஓடிவந்தார். மழித்த முகம் பளபளவென்று இருந்தது. கன்னத்தில் பட்டையின் தடம் சிவந்து கிடந்தது. இன்றைக்கு என்ன தோல்வியோ என்று நான் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"கனவு வந்துச்சு மேடம்!"

"என்னது?"

"கனவு மேடம், கனவு. எத்தினி வருசமாச்சு தெரியுமா? மிஷின்ல மூஞ்சி சிரிச்சுது. படுத்தேன், அப்புறம் விடிஞ்சிடுச்சு. நடுவுல கனவு. கனவுல பஸ் ஓட்னேன்."

பிள்ளை பிறந்த சேதி மாதிரி அதை ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய்ச் சொன்னார். டீக்கடைக்காரர் அன்று அவரிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. தூங்கி எழுந்ததற்காக ஒரு மனிதர் அப்படிப் பூரித்து நின்றதை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. நான் தினமும் தூங்குகிறவள், தினமும் சலித்துக்கொண்டே எழுகிறவள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுபடி ஸ்டியரிங் பிடிக்கிற அன்று காலை, போளூரில் பஸ் நிரம்பிக் கிளம்ப இருந்த நேரத்தில், வழக்கம்போல எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர், "வேணாங்க, எடுங்க, எல்லாருக்கும் தெரியும்" என்று கெஞ்சினார். கேட்கவில்லை.

"போன தடவ மலைல கண்ணு அசந்தவன் நான்தான். இப்ப மிஷின் மாட்டித் தூங்கறேன், நேத்து நல்லாத் தூங்குனேன். கண்டக்டர கேட்டுப் பாருங்க. நம்பிக்க இல்லாதவங்க எறங்கிக்கலாம், பின்னாடியே வேற வண்டி கீது."

"ராத்திரி டிப்போல இவரு பக்கத்துலதாங்க படுத்தேன்," என்றார் கண்டக்டர். "சத்தமே இல்ல. ஆளு போய்ட்டாரோன்னு பயந்துபோய் எழுந்து எழுந்து நான்தான் பாத்துகினு இருந்தேன்." சொல்லிவிட்டுப் பெரிய கொட்டாவி விட்டார்.

சிரித்தார்கள். ஆனாலும் சில பேர் இறங்கவே செய்தார்கள். அவர் முகம் சுருங்கவில்லை. இறங்கிய ஒரு பெண்ணின் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டுபோய் அடுத்த பஸ்ஸில் வைத்துவிட்டு வந்தார். நான் என் ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் வண்டி மலையேறத் தொடங்கியதிலிருந்து அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல, பஸ்ஸே அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெற்றிலை மடித்தவர்கள் அதை வாயில் போடவும் மறந்திருந்தார்கள்.

அவருடைய ஊர் வந்தது. நிறுத்தத்தில் கூடையோடு அந்தம்மா நின்றிருந்தார். அன்று சந்தை நாள். பஸ்ஸைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஏறமாட்டார் என்றுதான் நினைத்தேன். கண்டக்டர் கூடையை வாங்கிக்கொண்டார். அந்தம்மா மெதுவாக ஏறி, டிரைவருக்கு இடப்பக்கத்தில் வாசலை ஒட்டியிருந்த ஒற்றை ஸீட்டில் வந்து உட்கார்ந்தார். மகன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

அந்த வளைவு வந்தது. நீளமாக ஹாரன் அடித்தார். வேகத்தைக் குறைத்தார். முன் ஸீட்டுக் கம்பியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது உள்ளங்கை வலித்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடியில் அவர் கண்கள் அகலத் திறந்து, பளிச்சென்று, ரோட்டின் மேலேயே இருந்தன. வண்டி வளைந்து மேலே ஏறியது. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்து நாங்கள் கேட்டது குறட்டை. பதறிப்போய் எல்லோரும் டிரைவரைப் பார்த்தோம். குறட்டை அவருடையது இல்லை. அந்தம்மா கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எந்த மகனிடம் பேச்சுக்கூடக் கொடுக்கவில்லையோ, அவனை நம்பி, அவன் ஓட்டுகிற வண்டியில், அதுவும் அந்த மலையில்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. குறட்டை நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு விக்கலோடு மறுபடி தொடங்கியது. டிரைவரின் காது அந்தப் பக்கமாகத் திரும்பியதைக் கண்ணாடியில் பார்த்தேன். அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த மலைப்பாதையில் கண்மூடாத நானும் தூங்கிப்போயிருந்தேன்.

"ஜமுனாமரத்தூர் வந்தாச்சு, எறங்குங்க!" என்ற அவருடைய குரலில்தான் விழித்தேன். சுற்றிலும் பார்த்தால் பாதி பஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கடைசி ஸீட்டில் டிக்கெட் பையை அணைத்தபடி அப்போதும் தூக்கத்தில்தான் இருந்தார். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு எழுந்து அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"எம்மா, எனக்கு இருந்த அதே நோவு ஒனக்கும் கீது" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படியாக. "மூச்சு நின்னு நின்னு வருது. வளைவுலேர்ந்து கேட்டுகினே வந்தேன். வேலூருக்குக் கூட்டிகினு போறேன், ஒனக்கும் ஒரு மிஷின் வாங்கிடலாம்."

அந்தம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிற எங்களை ஒருமுறை முறைத்துவிட்டு, மகனின் வெறும் உதட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"ரோட்டப் பாத்து வண்டிய ஓட்டுடான்னா, என் கொறட்டைய கேட்டுகினு வந்தியாடா நீ?"

மகன் மீசையை எடுத்த பிறகு அந்தம்மா அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. டிரைவர் கையை நீட்டினார். அந்தம்மா அதைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.